பிள்ளைகள் ஆட்டத்துக்கு அம்பயர் வையுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் டென்னிஸ் போட்டி நடத்தும் கிளப் நிர்வாகிகளுக்கும், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

கோடைப் போட்டிகளுக்கு நோட்டீஸ் அடிக்கப் போகிறீர்கள். கோப்பை தருபவர் பெயர், சிறப்பு விருந்தினர் பெயர், வயதுப் பிரிவு, நுழைவுக் கட்டணம், மதியச் சாப்பாடு எல்லாம் அதில் இருக்கும். ஆட்டத்தை யார் நடத்தி வைக்கப் போகிறார்கள் என்பது மட்டும் இருக்காது. நம் பக்கத்துப் போட்டிகளில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இருப்பதே இல்லை. இறுதி ஆட்டத்துக்கு மட்டும் யாராவது ஒரு பெரியவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கிறோம். மற்ற ஆட்டமெல்லாம் பிள்ளைகள் பாடு, வேலிக்கு வெளியே நிற்கும் அப்பா அம்மா பாடு.

இதை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறேன். நம் வட்டாரத்துக்கு வேண்டிய அம்பயர்களை நாமே தயார் செய்ய வேண்டும். அவர்களுக்கு முறையாகச் சம்பளம் கொடுக்க வேண்டும். இந்தக் கோடையிலேயே தொடங்க வேண்டும்.

நான் காரைக்குடியில் வங்கி வேலை பார்ப்பவள். மகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலியோரம் காத்திருந்தபோது ஆட்டத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். அப்புறம் விதிப் புத்தகத்தை அச்செடுத்துப் படித்தேன். வெளியூரிலிருந்து போட்டிக்கு வந்த ஒரு நடுவர், கூடவே நிற்க வைத்துத் தொழில் கற்றுக் கொடுத்தார். இப்போது சனி, ஞாயிறுகளில் உள்ளூர் ஆட்டங்களுக்கு அம்பயராக உட்காருகிறேன். விரும்பித்தான் செய்கிறேன். அதனால்தான் இந்த வேலைக்கு ஆளே இல்லாமல் பிள்ளைகள் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

போன கோடையில் ஒரு போட்டி. எந்த ஊர், யார் நடத்தியது என்பது வேண்டாம். 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. ஒரு பையன் விடுமுறைக்கு அப்பத்தா வீட்டுக்கு வந்தவன், வெளிநாட்டில் கோச் வைத்துப் பழகியவன். இன்னொருவன் உள்ளூர்ப் பையன், அண்ணனுடைய பழைய ராக்கெட்டில் ஆடுகிறான். ஆட்டம் 4-4. உள்ளூர்ப் பையன் அடித்த பந்து கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைன் ஓரத்தில் விழுந்தது. எதிரில் நின்றவன் ‘அவுட்’ என்றான். இவன் ‘உள்ளே’ என்றான். உடனே ஒரு அப்பா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அவரைப் பார்த்து இன்னொருவரும் போனார். பெரியவர்கள் கத்திக்கொண்டே நடந்ததில் பந்து விழுந்த தடமே அழிந்துபோனது. கடைசியில் சத்தம் அதிகமாகப் போட்டவர் பக்கம் பாயிண்ட் போனது. உள்ளூர்ப் பையன் மிச்ச ஆட்டத்தை அழுதுகொண்டே ஆடித் தோற்றான். அதற்கப்புறம் அவன் கோர்ட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது கிரிக்கெட் ஆடுகிறானாம். சந்தோஷமாக ஆடட்டும். ஆனால் அவனுடைய பேக்ஹேண்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நாம் எதை இழந்தோம் என்று.

அங்கே ஒரே ஒரு ஆள், விதி தெரிந்தவர், நெட் ஓரம் நின்றிருந்தால் போதும். அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அம்பயர் இல்லாமல் ஆடுவதற்கும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு தெளிவாக நடைமுறை எழுதி வைத்திருக்கிறது. தன் பக்கத்தில் விழும் பந்துக்குத் தானே தீர்ப்பு சொல்ல வேண்டும். அவுட் என்றால் உடனே, எதிராளிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் பந்து உள்ளே என்றுதான் கொள்ள வேண்டும். சர்வீஸ் போடுபவர் ஒவ்வொரு முதல் சர்வீஸுக்கு முன்பும் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஸ்கோரில் தகராறு வந்தால், இருவரும் ஒப்புக்கொள்ளும் பாயிண்டுகள் நிற்கும், சண்டைக்குரிய பாயிண்டை மட்டும்தான் திரும்ப ஆட வேண்டும். டென்னிஸில் பாயிண்டுகளை 15, 30, 40 என்று எண்ணுவோம். ஒருவன் 40-30 என்கிறான், இன்னொருவன் 30-40 என்கிறான், ஒரே ஒரு பாயிண்டில்தான் கருத்து வேறுபாடு என்றால், 30-30-லிருந்து ஆட்டம் தொடரும். எவ்வளவு எளிது! இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? ஃபோர்ஹேண்டுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறோம். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை.

நம் ஊர்களில் பல கோர்ட்டுகள் செம்மண் தரை. இது நமக்குக் கிடைத்த வசதி. செம்மண்ணில் பந்து தடம் விட்டுத்தான் போகும், சாட்சி தரையிலேயே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். வேகமாகத் தாழ்ந்து வந்த பந்து நீள்வட்டமாகச் சீவிக்கொண்டு போகும். மேலிருந்து சுழன்று விழுந்த பந்து உருண்டையாக, கொஞ்சம் ஆழமாகப் பதியும். கோட்டுக்குப் பதிலாக நாடா அடித்த கோர்ட்டில் பந்து பாதி நாடா மேல் விழுந்தால் மண்ணில் பாதித் தடம்தான் இருக்கும், பிறை மாதிரி. அந்தப் பிறையின் விளிம்புக்கும் நாடாவுக்கும் நடுவில் மண் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மண் தெரிந்தால் அவுட். தெரியாவிட்டால் உள்ளே. பந்து கோட்டை ஒரு நூலளவு தொட்டாலும் உள்ளேதான். சுண்ணாம்பில் கோடு போட்ட கோர்ட் என்றால் இன்னும் கவனம் தேவை. காற்றில் பொடி கலைந்து கோடே அகலமாகி இருக்கும். அதனால்தான் காலையில் முதல் ஆட்டத்துக்கு முன்பே கோட்டின் அகலத்தைப் பார்த்து வைத்துக்கொள்வேன். விதிப்படி பேஸ்லைன் அதிகபட்சம் 10 செ.மீ. அகலம் இருக்கலாம், சர்வீஸ் பெட்டிகளைப் பிரிக்கும் நடுக்கோடு 5 செ.மீ., மற்றவை 2.5 முதல் 5 செ.மீ.

தடம் பார்க்கப் போகும்போது ஒரு ஒழுங்கு உண்டு. பந்து விழுந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடக்க வேண்டும். வழியில் யாரிடமும் பேசக் கூடாது. ஒரு கேம் முடிவதற்குள் பேஸ்லைன் ஓரத்தில் பத்துப் பதினைந்து தடம் விழுந்திருக்கும். சரியான தடத்தைப் பார்க்கிறோமா என்பதுதான் முதல் கேள்வி, உள்ளேயா வெளியேயா என்பது அடுத்ததுதான். அதோடு, எல்லாப் பந்துக்கும் தடம் பார்க்க முடியாது. பாயிண்டை முடித்த பந்தாக இருக்க வேண்டும், அல்லது ஆடுபவர் அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். திருப்பி அடித்து, அது நெட்டில் விழுந்ததும் ‘முன்னாடி பந்து அவுட்’ என்று கையைத் தூக்கினால் செல்லாது.

அம்பயர் இல்லாத ஆட்டத்தில் செம்மண்ணுக்கென்று தனி விதிகளும் உண்டு. அவுட் சொன்னவரிடம் தடத்தைக் காட்டச் சொல்லலாம். எதிராளி நெட்டைக் கடந்து வந்து அதைப் பார்க்கலாம். பார்ப்பதற்கு முன்பே தடத்தைக் காலால் அழித்துவிட்டால், அழித்தவர் பாயிண்டை விட்டுக்கொடுத்ததாகவே அர்த்தம். அவுட் என்று சொல்லிவிட்டுப் பிறகு உள்ளே என்று தெரிந்தால், செம்மண்ணில் அப்படிச் சொன்னவர் அந்தப் பாயிண்டை இழந்துவிடுவார். சிமெண்ட் மாதிரியான தரைகளில் முதல் தடவை பொதுவாகத் திரும்ப ஆடலாம், அடுத்த தடவையிலிருந்து பாயிண்ட் போகும். இந்த வித்தியாசம் தெரியாமல் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் ஆடி, விழித்துக்கொண்டு நின்ற நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அம்பயர் வேலை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். முதலில் நெட். நடுவில் 91.4 செ.மீ., ஓரத்தில் கம்பத்தருகே 1.07 மீட்டர். நம் ஊர் நெட்டுகளில் நடுப்பட்டை பல இடங்களில் அறுந்தே கிடக்கும், நெட் ஒரு பக்கம் தொய்ந்திருக்கும். அளவுகோல் இல்லையென்றால் பழைய ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் வழி ஒன்று உண்டு. ஒரு ராக்கெட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் இன்னொரு ராக்கெட்டின் தலையைக் குறுக்காக வைத்தால் கிட்டத்தட்ட 3 அடி வரும். அளந்து, ஒரு துணிப்பட்டையால் நெட்டை இழுத்துக் கட்டிவிட்டால் சரி. அப்புறம் நாற்காலி. நெட்டின் நீட்சியில், கம்பத்திலிருந்து சுமார் 90 செ.மீ. தள்ளிப் போட வேண்டும். உயரம் 1.82 மீட்டரிலிருந்து 2.44 மீட்டர் வரை. நம்மிடம் அந்த நாற்காலி இல்லை. ஊரில் எத்தனை தச்சுப் பட்டறை இருக்கிறது! மாடி வீடுகளுக்குத் தேக்கில் தூணும் கதவும் இழைத்த ஊரில், அம்பயருக்கு ஒரு ஏணி நாற்காலி செய்வதா பெரிய வேலை?

டாஸ் போடுவதற்கு முன்பு இரண்டு பிள்ளைகளையும் நெட் அருகே கூப்பிட்டு, எத்தனை செட், சமநிலையில் செட்டை முடிவு செய்யும் டை பிரேக் எப்போது, பயிற்சி அடி ஐந்து நிமிடம், பாயிண்டுகளுக்கு இடையில் 25 விநாடி, பக்கம் மாறும்போது 90 விநாடி, செட் முடிந்தால் 120 விநாடி என்று சொல்லிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று சொல்வேன்: ‘ஏதாவது சந்தேகம் இருந்தால் என்னைப் பார்த்துக் கேள், அப்பாவைப் பார்க்காதே.’ இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு நிம்மதி தெரியாது.

நாற்காலியில் உட்கார்ந்தபின் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய. பாயிண்ட் முடிந்ததும் ஜெயித்தவரைப் பார்க்கக் கூடாது, தோற்றவரைப் பார்க்க வேண்டும். கோபமோ சந்தேகமோ அங்கிருந்துதான் கிளம்பும். ஸ்கோரை முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் தாளில் எழுத வேண்டும். தாளில் குனிந்த அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் ஏதாவது பேசிக்கொள்வார்கள். எழுதும் முறை சுலபம். பாயிண்டுக்கு ஒரு சாய்கோடு, முதல் சர்வீஸ் தவறினால் கட்டத்தின் கீழே ஒரு புள்ளி, எதிராளி தொடவே முடியாத சர்வீஸான ஏஸ் என்றால் அதன் முதலெழுத்து, இரண்டு சர்வீஸும் தவறும் டபுள் ஃபால்ட் என்றால் அதன் முதலெழுத்து. ஒரு வாரம் பழகினால் கை தானாக எழுதும். குரல் பழகத்தான் நாளாகும். தயங்கித் தயங்கிச் சொன்ன தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உடம்பு சம்பந்தப்பட்ட விதிகளையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மே மாத வெயிலில் நம் பிள்ளைகளுக்குக் கால் பிடித்துக்கொள்வது சகஜம். அடிபட்டால் மருத்துவ இடைவேளை எடுக்கலாம், சிகிச்சைக்கு 3 நிமிடம். ஆனால் தசைப்பிடிப்புக்கு அந்த இடைவேளை கிடையாது, பக்கம் மாறும்போதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரமில்லாத விதியாகத் தோன்றலாம். அது தெரியாமல் ஒரு பையனுக்குப் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு, எதிராளியை வெயிலில் நிற்க வைப்பதுதான் உண்மையில் ஈரமில்லாத செயல். பிள்ளைகள் தவிக்கக் கூடாது என்றால் காலை 6 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்குள் முடியுங்கள். அது நிர்வாகிகள் கையில் இருக்கிறது.

சரி, யார் அம்பயர் ஆகலாம்? ஆட்டத்தை நேசிக்கும், பார்வை தெளிவாக இருக்கும், கோபம் வந்தாலும் குரல் மாறாத யாரும் ஆகலாம். கண்ணாடி போட்டிருந்தாலும் ஒன்றுமில்லை. பிரமாதமாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. நம் ஊரிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் நாளைக்குப் பள்ளிகளில் ஆசிரியர்களாகப் போகிறவர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். காலேஜ் முடித்து, போட்டி ஆடுவதை விட்டுவிட்ட பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் இருக்கிறோம்.

அம்மாக்களுக்குக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ‘பையன்கள் ஆட்டத்துக்கு நாம் எப்படி’ என்று தயங்குகிறீர்கள். கிரீஸ் நாட்டின் ஈவா அஸ்டெராகி 2015-ல் அமெரிக்க ஓபன் ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு அம்பயராக உட்கார்ந்தார், ஜோகோவிச்சும் ஃபெடரரும் ஆடிய ஆட்டம். குரோஷியாவின் மரியா சிச்சாக் 2021-ல் விம்பிள்டன் ஆண்கள் இறுதி ஆட்டத்தை நடத்தினார். அந்தப் போட்டியின் சரித்திரத்தில் அதைச் செய்த முதல் பெண் அவர். அப்படியிருக்க, பள்ளத்தூரில் 14 வயதுப் பையன்கள் ஆட்டத்துக்கு நாம் உட்காருவதில் என்ன தயக்கம்? நான் முதலில் உட்கார்ந்தபோது ‘ஆச்சி, உங்களுக்கு ரூல்ஸ் தெரியுமா?’ என்று கேட்ட பெரியவர், இப்போது தன் பேத்தியின் ஆட்டத்துக்கு என்னையே கேட்டு வாங்குகிறார்.

இதைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ள நினைக்கும் இளைஞர்களுக்கும் வழி இருக்கிறது. அகில இந்திய டென்னிஸ் சங்கம் நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்துகிறது. அங்கே தேறி, தேசியப் போட்டிகளில் அனுபவம் சேர்த்தவர்கள் சர்வதேச அளவுக்குப் போகலாம். அங்கே வெள்ளை பேட்ஜ், வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாக ஏற வேண்டும். கிராண்ட் ஸ்லாம் என்னும் நான்கு பெரும் போட்டிகளின் இறுதி ஆட்டங்களில் நாற்காலியில் பார்க்கிறோமே, அவர்கள் அந்த ஏணியின் உச்சிப் படியில் இருப்பவர்கள். ஆனால் அவர்களும் எங்கோ ஓர் ஊரில், சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் கோடு பார்த்துத்தான் தொடங்கியிருப்பார்கள். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் மூன்று நாட்களாக 11 மணி 5 நிமிடம் ஆடினார்களே, கடைசி செட் 70-68. அந்த ஆட்டம் முழுக்க நாற்காலியில் இருந்தவர் முகமது லஹ்யானி. ஆட்டக்காரர்களை உலகமே கொண்டாடியது. ஒவ்வொரு பாயிண்டையும் அலுக்காமல் எண்ணிச் சொன்ன அந்த மனிதரை நினைத்தால் எனக்கு அதைவிட ஆச்சரியமாக இருக்கிறது.

‘இனிமேல் எல்லாம் கேமராதானே, அம்பயர் எதற்கு’ என்று ஒரு நிர்வாகி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். 2025-ல் விம்பிள்டனே, கோட்டோரம் நின்று ‘அவுட்’ சொல்லும் கோட்டு நடுவர்களை எடுத்துவிட்டு மின்னணுக் கருவிக்கு மாறிவிட்டது. ஆனால் நாற்காலி அம்பயரை எடுக்கவில்லை. ஆட்டத்தை நடத்துவதற்கு ஆள் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பாரிசில் செங்கல் பொடி போட்ட மண் கோர்ட்டில் நடக்கும் பிரெஞ்சு ஓபனில் அதே 2025-லும் மனிதர்கள்தான் கோடு பார்த்தார்கள், சந்தேகம் வந்தால் அம்பயர் இறங்கி வந்து தடத்தைப் பார்த்தார். அந்தக் கேமராக்கள் நம் செம்மண் கோர்ட்டுக்கு எந்தக் காலத்தில் வரும்? அதுவரை பிள்ளைகள் அழுதுகொண்டே ஆட வேண்டுமா?

‘சின்னப் போட்டிதானே, இதற்குப் போய் அம்பயரா’ என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு வார்த்தை. காரைக்குடிக்காரர்கள் இப்படிச் சொல்லலாமா? சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. குன்றக்குடி அடிகளார் பட்டிமன்றங்களில் நடுவராக உட்கார்ந்து, இரண்டு அணியையும் பேசவிட்டு, கடைசியில் தீர்ப்புச் சொல்வதைக் கேட்க ஊரே திரண்ட காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நடுவர் இல்லாத பட்டிமன்றத்துக்கு நாம் யாராவது போய் உட்காருவோமா? பேச்சுக்கே நடுவர் வேண்டும் என்று நினைக்கிற நாம், பத்து வயதுப் பிள்ளைகளை மட்டும் ‘நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று வெயிலில் விட்டுவிடுகிறோம். பெரிய போட்டியில் ஆடுபவர்கள் முதிர்ந்தவர்கள், அநியாயம் நடந்தால் தாங்கிக்கொள்வார்கள். சின்னப் போட்டியில்தான் தாங்க முடியாதவர்கள் ஆடுகிறார்கள்.

பெற்றோர்களே, உங்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளை மேல் உள்ள ஆசையில்தான் கத்துகிறீர்கள், எனக்குத் தெரியும். நானும் ஒரு ஆட்டக்காரியின் அம்மா. ஆனால் வேலிக்கு வெளியிலிருந்து ‘அவுட்! அவுட்!’ என்று நீங்கள் குரல் கொடுக்கும்போது உங்கள் பிள்ளை பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கிறான். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை அவனிடமிருந்து பிடுங்கிவிடுகிறீர்கள். ‘2025-லிருந்து வெளியிலிருந்து சொல்லிக் கொடுக்கலாமே’ என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் விதி மாறியது உண்மை. ஆனால் போட்டி நடத்துபவர்கள் அனுமதித்தால்தான் அது செல்லும். அதுவும் சுருக்கமாக, அடக்கமாக, எதிராளிக்கு இடைஞ்சல் இல்லாமல். பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்லும் உரிமை அதில் எங்கேயும் இல்லை. கோர்ட்டுக்குள் கால் வைப்பதற்கு எந்தக் காலத்திலும் அனுமதி இல்லை.

உள்ளூர் அம்பயர் என்றதும் எழும் ஒரு சந்தேகம் எனக்கும் உண்டு. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். பாதிப் பேர் பங்காளி, மீதிப் பேர் சம்பந்தி. சொந்தக்காரப் பிள்ளை ஆட்டத்துக்கு உட்காருவது சரியல்ல. எங்கேயும் நடுவர்களுக்கு அது அடிப்படை ஒழுக்கம். என் மகள் ஆடும் பிரிவின் பக்கமே நான் போவதில்லை. இதற்கு வழி, ஊர்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது. தேவகோட்டைக்காரர்கள் காரைக்குடியில் உட்காரட்டும், காரைக்குடிக்காரர்கள் தேவகோட்டையில் உட்காரட்டும். அரை மணி நேரப் பயணம்தான். கிளப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் போதும். பேசிக்கொள்வதில்லை என்பதுதான் வருத்தம்.

இப்போது பணம். ‘சேவையாகச் செய்யட்டுமே’ என்று சொல்லாதீர்கள். பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் கூலி கொடுக்கிறோம். வெயிலில் நான்கு மணி நேரம் நின்று, எல்லோருடைய கோபத்தையும் வாங்கிக்கொள்பவருக்கு ஒரு பொன்னாடை போட்டு அனுப்புவது நியாயமில்லை. ஒரு காலைப் பொழுதுக்கு 500 ரூபாய், பஸ் செலவு, காலைச் சாப்பாடு. இதுதான் என் கணக்கு. 32 பேர் ஆடும் பிரிவில் நுழைவுக் கட்டணத்தை 75 ரூபாய் கூட்டினால் 2,400 ரூபாய் வருகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாற்காலியில் ஒருவர் என்பது இப்போதைக்கு நமக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு கோர்ட்டுக்கு நடுவில் ஒருவர் நின்று கவனித்து, கூப்பிட்டால் உள்ளே போய்த் தீர்த்து வைக்கும் ஏற்பாடு போதும். அப்படி இருவர், இரண்டு நாள் காலை என்றால் 2,000 ரூபாய். மிச்சத்தில் ஸ்கோர் தாள், பென்சில், அளவு நாடா வாங்கலாம். அரையிறுதிக்கும் இறுதிக்கும் நாற்காலியில் ஆள் வையுங்கள். அதற்கு மட்டும் ஒரு புரவலரைப் பிடியுங்கள். கோப்பையை ஒரு சாண் குறைத்தாலும் போதும், பிள்ளைகள் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை.

வசதியில்லாத பிள்ளைகளிடம் இந்த 75 ரூபாயை வாங்காதீர்கள். அதைக் கிளப் ஏற்றுக்கொள்ளட்டும். அவர்களுக்காகத்தான் முக்கியமாக அம்பயர் வேண்டும். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போய் அனுபவம் பெற்ற பிள்ளைக்குத் தன் பாயிண்டைக் கேட்டு வாங்கத் தெரியும். முதல் தடவை கோர்ட்டில் இறங்கும் பிள்ளைக்குத் தெரியாது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கோர்ட்டை எனக்கு ஒதுக்கித் தாருங்கள். எந்த ஊராக இருந்தாலும் வருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் விதிகள், அடுத்து ஸ்கோர் எழுதும் பழக்கம், அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகளை ஆடவிட்டு, வந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கு நான்கு கேம் நடத்த வேண்டும். தடம் பார்ப்பதற்குத் தனியாக அரை மணி நேரம் வைத்திருக்கிறேன். கோர்ட்டை முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி வைத்திருந்தால் தடம் நன்றாக விழும். பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், எல்லோருக்கும் நாற்காலியில் முறை வர வேண்டும். 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் வரலாம். அவர்கள் 10 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டங்களுக்கு அருமையாகப் பொருந்துவார்கள், சின்னவர்கள் அண்ணன், அக்கா பேச்சை நம்மைவிட நன்றாகக் கேட்பார்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் அவசியம் வர வேண்டும். அவர்கள் வந்தால் பள்ளிக்குப் பள்ளி இது தானாகப் பரவும்.

வருபவர்கள் ஒரு தொப்பி, தண்ணீர் பாட்டில், நன்றாகச் சீவிய இரண்டு பென்சில் கொண்டு வரட்டும். ஸ்கோர் தாளை நான் அச்செடுத்துக்கொண்டு வருகிறேன். காலை 6 மணிக்குத் தொடங்கலாம்.

அன்புடன்,
ஓர் உள்ளூர் அம்பயர்,
காரைக்குடி